நேற்றிலிருந்து

தலைவலி என்ற சொல் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்னால் நடந்த கடைசிச் சாதாரணக் காரியம், ஒரு புகைப்படம் எடுத்ததுதான்.

பல்கலைக்கழக மாணவர் காப்பீட்டுக்குப் படம் வேண்டும், பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும் என்று போட்டிருந்தார்கள். அந்த வீட்டில் வெள்ளைச் சுவருக்கு எங்கே போவது? ஒன்று பச்சை. ஒன்றில் ஈரம் ஊறி, பூகோளப் புத்தகத்தில் வரும் தீவுகள் மாதிரி திட்டுத் திட்டாக இருந்தது. மற்றதை அலமாரி மறைத்திருந்தது. அப்பா அச்சகத்தில் காகிதம் வெட்டுகிறவர். அன்று சாயங்காலம் பெரிய வெள்ளைத் தாள் ஒன்றைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். மகன் அவரைவிட ஒரு தலை உயரம். அதனால் அவர் நாற்காலி மேல் ஏறி நின்று, அவன் பின்னால் தாளை விரித்துப் பிடித்தார்.

"அப்பா, உங்க கட்டை விரல் தெரியுது. காப்பீடு எனக்கா, உங்க விரலுக்கா?"

"பேசாம நில்லுடா. கை கடுக்குது."

"அம்மா, சிரிக்கலாமா? சிரிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கா?"

"சிரிக்காத. சிரிச்சா இவனுக்கு என்ன கேடு, நல்லாத்தானே இருக்கான்னு பணம் தரமாட்டான்" என்றாள் அம்மா, கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்தபடி.

அப்படிச் சொன்னால் சிரிக்காமல் இருப்பவனா அவன்? நாலைந்து படம் வீணானது. கடைசியில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, "இதுல நான் பிடிபட்ட திருடன் மாதிரி இருக்கேன்" என்றான்.

"பிடிபடாத திருடன் மாதிரி இருந்தா மட்டும் உனக்குப் பெருமையாக்கும்."

வீட்டில் அவனுக்கு மந்திரி என்று பெயர். பேச ஆரம்பித்த நாள் முதலாக எல்லோருக்கும் யோசனை சொல்வான், யாரும் கேட்கமாட்டார்கள். பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்தான். அது என்ன படிப்பு என்று அச்சகத்தில் கேட்டால் அப்பா, "எது நடக்கும், எது நடக்காதுன்னு கணக்குப் போடுற படிப்பு" என்பார். "அப்ப ஜோசியம்னு சொல்லுங்க" என்பார்கள்.

"காப்பீடுன்னா என்ன தெரியுமாம்மா?" என்றான் மந்திரி, படத்தை ஏற்றிக்கொண்டே. "எனக்குக் கெட்டது நடக்கும்னு நான் பந்தயம் கட்டுறேன். நடக்காதுன்னு கம்பெனி கட்டுது. கம்பெனிதான் என் மேல நல்ல எண்ணத்தோட இருக்கு, பாத்துக்கோ."

"வாயைக் கழுவு" என்றாள் அம்மா.

அதுவரை அவன் அம்மாவின் வேலையோடு வந்த குடும்பக் காப்பீட்டில் இருந்தான். ஒரு வயதுக்கு மேல் பிள்ளைகளைச் சேர்க்க முடியாது. அந்த வயது அவனுக்கு வந்துவிட்டது. இனி மாணவர் காப்பீடுதான். அதை எடுக்கிற பொறுப்பை அம்மா யாரிடமும் விடவில்லை. பாம்பின் கால் பாம்பறியும் என்பார்களே, அது அவள் தொழில்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் காப்பீட்டுப் பிரிவில் நாலாம் கவுன்ட்டர் அவளுடையது. நோயாளியின் அட்டையை வாங்கிச் சரிபார்க்க வேண்டும். டாக்டர் எழுதியதைச் சேர்த்துக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். கம்பெனி சரி என்றால் மேலே அனுப்பலாம். இல்லை என்றால், அந்த இல்லையை இவள் வாயால் சொல்ல வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தையல்காரர் வந்தார். வயிற்று வலி. "எப்போதிலிருந்து?" என்று டாக்டர் கேட்டதற்கு, "அது ரொம்ப நாளா இருக்குங்க, கல்யாணத்துக்கு முன்னாடியே" என்று வெள்ளை மனதோடு சொல்லியிருக்கிறார். டாக்டர் அப்படியே எழுதினார். பாலிசி எடுத்தது கல்யாணத்துக்கு அப்புறம். அதனால் இது முன்பே இருந்த நோய், பணம் கிடையாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. அவர் மனைவி அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து வாசல் வரை தள்ளிக்கொண்டு போனாள். வாசலில் அவரை இறக்கிவிட்டு, நாற்காலி ஆஸ்பத்திரியுடையது என்பதால் அதைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து, இருந்த இடத்திலேயே ஒழுங்காக நிறுத்திவிட்டுப் போனாள். நாற்காலி நின்ற இடத்தை அம்மா வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பழக்கம் வந்தது. டாக்டரிடம் போகுமுன் அட்டையைக் காட்ட வருகிறவர்களிடம், அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது தணிந்த குரலில் சொல்வாள்: "எப்போலேருந்துன்னு டாக்டர் கேப்பாங்க. நேத்துலேருந்துன்னு சொல்லுங்க." ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாமென்றால், ஒரு பொய் சொல்லி ஓர் உயிரைக் காப்பாற்றக் கூடாதா? எத்தனையோ பேர் காப்பாற்றப்பட்டார்கள். அதுவும் உண்மை. குணமாகிப் போகிறவர்கள் கவுன்ட்டர் பக்கம் வந்து, "அக்கா, நீங்க சொன்ன மாதிரியே சொன்னோம்" என்று கண் கலங்குவார்கள்.

பக்கத்துக் கவுன்ட்டரில் ஒருவர் இருந்தார். தாளில் முத்திரை குத்துவதில் அவருக்கு அப்படி ஓர் ஆனந்தம். எல்லோரும் சீல்காரர் என்றே கூப்பிடுவார்கள். "நம்ம ஆஸ்பத்திரியில எல்லா வியாதியும் நேத்துதான் பொறக்குதுக்கா" என்பார். "நேத்துங்கிறது எவ்வளவு மோசமான நாளா இருந்திருக்கணும், பாருங்க."

வீட்டிலும் அது வேடிக்கைப் பேச்சாகிவிட்டது. துவைக்காத சட்டை எப்போதிலிருந்து கிடக்கிறது என்று கேட்டால் மந்திரி கைகட்டி நின்று, "நேத்துலேருந்து டாக்டர்" என்பான். குழாய் எப்போதிலிருந்து ஒழுகுகிறது? நேத்துலேருந்து. அப்பாவுக்கு வழுக்கை எப்போதிலிருந்து? அதுவும் நேத்துலேருந்துதான்.

பாலிசி வந்தது. ஆனால் எந்தப் பாலிசிக்கும் ஒரு வெயிட்டிங் பீரியட் உண்டு. பாலிசி கைக்கு வந்த பிறகும் கொஞ்ச காலம் விபத்துக்கு மட்டும்தான் பணம், நோய்க்குக் கிடையாது. அந்தக் காலத்துக்குள் தலைகாட்டுகிற நோய், முன்பே இருந்த நோய்களோடு சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு என்ன செய்தாலும் கம்பெனி அதைத் தொடாது. அம்மாவுக்கு இது உள்ளங்கை ரேகை மாதிரி.

மழை தொடங்கியபோது மந்திரிக்குத் தலைவலி வந்தது.

காலையில் எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பான், யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருள் மாதிரி. பல் தேய்க்கப் போனால் வாந்தி. வெயில் ஏற ஏறச் சரியாகிவிடும். மத்தியானம் பேருந்தில் தொற்றிக்கொண்டு வகுப்புக்குப் போய்விடுவான். "குளிர்ல படுக்காதன்னா கேக்குறியா" என்றாள் அம்மா முதலில். ஜன்னலை அடைத்தார்கள். தலையணையை மாற்றினார்கள். தலைவலி மாறவில்லை.

"டாக்டர்கிட்ட காட்டிடலாமே" என்றார் அப்பா. அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. நாள் முழுக்க இயந்திரத்தின் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவருக்கு வீட்டில் சத்தம் எதற்கு?

"இப்ப வேணாம்."

"வேற எங்கயாவது? சின்ன டாக்டர் யாராவது? கையில இருக்கறத குடுத்துக்கலாம்."

"எங்க போனாலும் எழுதுவாங்க. எழுதினது எங்கயாவது கெடக்கும். நாளைக்குப் பெரிசா ஒண்ணுன்னு வந்தா தோண்டி எடுத்து, அன்னைக்கே இருந்துச்சேன்னு கேப்பான். நான் தினம் பாக்குறேங்க. ஒரு தலைவலிக்காக இவன் ஆயுசு முழுக்கக் காப்பீடு இல்லாம நிக்கணுமா?"

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அவள் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும். ஆஸ்பத்திரி விஷயத்தில் அவள் சொல்லுக்கு அந்தத் தெருவே கட்டுப்பட்டது.

கண்ணில் கோளாறாக இருக்கும் என்று கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கடையென்றால் நோய்க்குறிப்பு எதுவும் எழுதமாட்டார்கள். கடைக்காரர் எழுத்துகளைப் படிக்கச் சொல்லிவிட்டு, "பார்வை நல்லா இருக்கு. கண்ணாடி வேணாம், வித்தா எனக்குத்தான் பாவம்" என்றார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அம்மாவுக்கு இருந்தது. மருந்துக் கடையில் சீட்டில்லாமல் மாத்திரை வாங்கி வந்தாள். அது ஒரு வாரம் கேட்டது; அப்புறம் அதுவும் கேட்கவில்லை.

"நூறு பேருக்குத் தலைவலின்னா தொண்ணூத்தொம்பது பேருக்கு ஒண்ணுமே இருக்காதும்மா" என்று அவனே அவளுக்குத் தைரியம் சொன்னான்.

"அந்தத் தொண்ணூத்தொம்பதுல நீ இருடா."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. இடம் பத்தாது."

ஒரே ஒரு தடவை அவன் கேட்டான். அவள் வேலைக்குப் புறப்பட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். அவன் உள்ளறையிலிருந்து வரும்போது இடது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டான். பிறந்ததிலிருந்து அவன் வந்து போகிற கதவு. இடித்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே நின்றான். பிறகு, விளையாட்டில்லாத குரலில், "அம்மா, போயிடலாமா?" என்றான்.

"இன்னும் கொஞ்சம்தாண்டா கண்ணா. வெயிட்டிங் பீரியட் முடியப்போகுது. முடிஞ்ச மறுநாளே நானே கூட்டிட்டுப் போறேன்."

"சரி" என்றான். அவள் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும்.

முடிந்த மறுநாளே தன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அதில் அவள் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

டாக்டர் சின்னப் பெண். படிப்பை முடித்து வேலைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. மந்திரியைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர். இதற்காகவே அம்மா அவரைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

"சொல்லுங்க, என்ன பண்ணுது?"

"தலைவலி டாக்டர்."

"எப்போலேருந்து?"

மந்திரி அம்மாவைப் பார்த்தான். அவன் உதட்டோரத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்து போனது.

"நேத்துலேருந்து டாக்டர்."

அவள் சொல்லிக்கொடுத்துத்தான் கூட்டி வந்திருந்தாள். இருந்தும், அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வந்தபோது அவளுக்கு மனசு ஆறியது. தாண்டிவிட்டோம் என்று நினைத்தாள்.

"வாந்தி?"

"நேத்து ஒரு தடவை."

"காலைல அதிகமா இருக்கா, சாயங்காலம் அதிகமா இருக்கா?"

அவன் மறுபடி அம்மாவைப் பார்த்தான். இதற்கு அவள் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

"ஒரு நாள்தானே ஆச்சு டாக்டர். தெரியல."

டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார். முழங்காலில் தட்டினார். விரலை நீட்டி, அது போகும் பக்கமெல்லாம் பார்க்கச் சொன்னார். "பரீட்சை வருதா?" என்றார். வருகிறது என்றான். "தூங்குறீங்களா?" அதற்குச் சிரித்தான். "எனக்கும் அப்படித்தான் வரும், படிக்கிறப்ப" என்றார் டாக்டர். "மாத்திரை எழுதுறேன். ஒரு வாரம் பாருங்க. அப்பவும் இருந்துச்சுன்னா விடக்கூடாது, ஸ்கேன் எடுத்துடுவோம்."

ஸ்கேன் என்ற சொல் அம்மாவின் நாக்கு நுனி வரை வந்தது. இன்றைக்கே எடுத்துவிடுங்கள் என்று சொல்லலாம். ஆனால் ஒரு நாள் தலைவலிக்கு எதற்கு ஸ்கேன் என்று கம்பெனி கேட்கும். கேள்வி வந்தால் நூல் பிடித்துக்கொண்டே உள்ளே வருவார்கள். ஒரு வாரம்தானே. இப்போது அவன் பெயரில் கேஸ் ஷீட் சுத்தமாகத் திறந்துவிட்டது. இனி எது வந்தாலும் முறைப்படி வரும். நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள்.

மாடிப்படியில் இறங்கும்போது மந்திரி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தான். "எப்படிம்மா என் நடிப்பு?"

"போடா" என்று அவன் முதுகில் தட்டினாள்.

அந்த ஒரு வாரம் முழுசாக முடியவில்லை. பல்கலைக்கழகத்தில் நகல் எடுக்கும் கடை முன்னால் வரிசையில் நின்றிருந்தவன், முன்னால் நின்ற பெண்ணிடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் சரிந்தான். கூடப் படிக்கிறவர்கள் தூக்கி வந்தார்கள். நாலாம் கவுன்ட்டர் தாண்டித்தான் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தள்ளுவண்டியில் போன நீளமான கால்களை அம்மா முதலில் யாருடையதோ என்றுதான் பார்த்தாள். பிறகு காலுறையைப் பார்த்தாள்.

மூளையில் கட்டி. நீர் தேங்கி அழுத்துகிறது, உடனே திறக்க வேண்டும் என்றார்கள். அறுவை சிகிச்சை டாக்டர் வெளியே வந்தபோது அப்பாவும் வந்து சேர்ந்திருந்தார். தலைமுடியிலும் சட்டையிலும் காகிதத் தூள்.

"இவ்வளவு பெரிசா வளரணும்னா ரொம்ப நாள் ஆகியிருக்கணும்" என்றார் டாக்டர். "ஒரு அறிகுறியும் இல்லையா? எப்போலேருந்து தலைவலி?"

அவர் கையில் பேனா இருந்தது.

அவள் வாழ்நாளில் அந்தக் கேள்வியை எத்தனையோ பேருக்காகப் பதில் சொல்லித் தாண்டியிருக்கிறாள். இப்போது உண்மையைச் சொன்னால் உள்ளே கிடப்பவனுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. தலையைத் திறக்கத்தான் போகிறார்கள். ஆனால் அதற்கும், அதற்குப் பிறகு அவன் படுத்திருக்கப் போகிற நாட்களுக்கும் கம்பெனி கையை விரித்துவிடும். பொய்யை ஒரு தரம் வீட்டுக்குள் விட்டுவிட்டால், அதற்குச் சோறு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

"போன வாரத்துலேருந்துதான் டாக்டர்" என்றாள்.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் எழுதினார்.

அந்தச் சமயம் மாடியிலிருந்து ஓடி வந்தார் அந்தச் சின்ன டாக்டர். யாரோ சொல்லியிருக்க வேண்டும். மூச்சு வாங்க அம்மா முன்னால் நின்று, "அம்மா, அன்னைக்கே நான் ஸ்கேன் எடுத்திருக்கணும். ஏதோ ஒண்ணு நான் கவனிக்காம விட்டுட்டேன்" என்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இல்லை என்று சொல்ல வேண்டியவள் அம்மா ஒருத்திதான். அறுவை சிகிச்சை டாக்டர் பேனாவை மூடாமல் பக்கத்திலேயே நின்றார். அம்மா சின்ன டாக்டரின் கையைப் பிடித்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மன்னித்துவிட்டாள் என்று அந்தப் பெண் நினைத்திருக்கும்.

மந்திரி கண் விழிக்கவில்லை. மழை நிற்பதற்கு முன்பே எல்லாம் முடிந்தது.

கொஞ்ச நாள் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். வீட்டில் இருந்தால் கட்டில் விளிம்பைப் பார்க்க வேண்டும். சீல்காரர் அவள் உட்காரும்வரை காத்திருந்து, தலையைச் சாய்த்து மெதுவாகச் சொன்னார்: "தம்பியோட கிளைம் பாஸ் ஆயிடுச்சுக்கா. முழுசும். ஒரு கேள்விகூட கேக்கல. அவ்வளவு சுத்தமான ஃபைலு." சொல்லி முடித்ததும்தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. முத்திரைக் கட்டையை எடுத்து வெறும் மேசையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

'நான் அப்பவே சொன்னேனே' என்று அப்பா சொல்வார் என அவள் தினமும் எதிர்பார்த்தாள். அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம், கத்தியிருக்கலாம், இருவரும் அழுதிருக்கலாம். அவர் சாயங்காலம் வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, டீ போட்டு ஒரு குவளையை அவள் பக்கம் தள்ளிவைத்தார். அவள் அதைக் குடித்தாள். அந்தக் கருணையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

சின்ன டாக்டர் நாலாம் கவுன்ட்டர் வழியாக வருவதை விட்டுவிட்டார். பின்பக்கப் படிகளில் ஏறிப் போனார். "அந்த டாக்டரம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு தெரியலக்கா" என்றார் சீல்காரர் ஒரு நாள். "தலைவலின்னு யார் வந்தாலும் ஸ்கேன் எழுதிடறாங்க. கம்பெனி எல்லாத்தையும் தேவையில்லன்னு தள்ளுது. ஜனங்க கையிலேருந்து கட்டிட்டு நம்மளைத் திட்டுறாங்க."

அன்று சாயங்காலம் அம்மா மாடியேறிப் போனாள். அறையில் வேறு யாரும் இல்லை. டாக்டர் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார், பள்ளிப் பிள்ளை மாதிரி.

"உக்காருங்க டாக்டர். அன்னைக்கு அவன் சொன்னது பொய். நேத்துலேருந்து இல்ல. மழை ஆரம்பிச்சதுலேருந்து இருந்துச்சு. தினமும் காலைல. வாந்தியும்தான். நடக்கறப்ப கதவுல இடிச்சுக்குவான். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்."

டாக்டர் உட்கார்ந்தார். தாழ்வாரத்தில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் வந்து, தேய்ந்து, நின்றது.

"என்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா நீங்க எழுதணுமே."

டாக்டர் யோசித்தார். பொய்யாகவாவது இல்லை என்று சொல்லிவிடுவார் என அம்மா பயந்தாள்.

"ஆமா" என்றார். "எழுதியிருப்பேன்."

"எழுதினா பணம் வந்திருக்காது."

"வந்திருக்காது." பிறகு, "எப்படியாவது கடன ஒடன வாங்கி, வீட்டை வித்து..." என்று ஆரம்பித்தார்.

"வித்திருப்போம் டாக்டர், அது எங்க வீடா இருந்திருந்தா."

அதற்கு மேல் அந்த வழியில் பேச எதுவும் இல்லை. போகத் திரும்பிய அம்மா, கேட்கக் கூடாதென்று வந்த கேள்வியைக் கேட்டேவிட்டாள். "மழை ஆரம்பிச்சப்பவே கூட்டிட்டு வந்திருந்தா பொழச்சிருப்பானா?"

"தெரியாதும்மா." டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார். "உங்களுக்கு ஆறுதலா ஏதாவது சொல்லணும்னு தோணுது. ஆனா நெஜமாவே தெரியாது."

தன்னிடமிருப்பதைச் சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணின் பாரமாவது குறையும் என்றுதான் ஏறி வந்திருந்தாள். குறைந்ததா என்று தெரியவில்லை. இறங்கும்போது வேறொன்று தோன்றியது: இனி இந்த டாக்டர், யார் வந்து என்ன சொன்னாலும் நம்பமாட்டார். நேத்துலேருந்து என்பவரையும் நம்பமாட்டார், போன வருஷத்திலிருந்து என்பவரையும் நம்பமாட்டார். இந்த ஆஸ்பத்திரியில் முகத்தைப் பார்த்துப் பேசுகிற டாக்டர் இருந்தது ஒருவர்தான்.

வேலை நடந்தது. ஒரு நாள் சுமை தூக்கும் ஆள் ஒருவர் மனைவியோடு வந்தார். மார்பு ஏறி இறங்கியது. அட்டையைக் கொடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, "நாலாம் நம்பர்ல கேட்டா சொல்லிக்கொடுப்பாங்கன்னு சொன்னாங்கக்கா. டாக்டர்கிட்ட என்ன சொல்லணும்?" என்றார்.

"எப்போலேருந்து மூச்சு வாங்குது?"

"அது இருக்கும், போன வருஷம்..." மனைவி முழங்கையால் இடித்தாள். அவர் நிறுத்திக்கொண்டார்.

"உள்ளதைச் சொல்லுங்க" என்றாள் அம்மா.

"உள்ளதைச் சொன்னா பணம் வருமா?"

"வராது."

"அப்ப பொய் சொல்லவா?"

"சொன்னா உங்களுக்கு என்னன்னு டாக்டருக்குத் தெரியாது."

அந்த மனைவி கண்ணாடியில் இருந்த ஓட்டைப் பக்கம் குனிந்தாள். "அப்ப எதுக்குங்க நாங்க வரணும்?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, வழி தெரியாதவர்கள் தெருவில் போகிறவரைக் கேட்பது மாதிரி கேட்டாள்.

சீல்காரர் குனிந்து எதையோ தேடினார். வரிசை பின்னாலிருந்து நெருக்கியது. அம்மா அட்டையைச் சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். இருவரும் படிக்கட்டுப் பக்கம் போனார்கள். அவர் மூன்று படிக்கு ஒரு தரம் நின்றார், அவளும் நின்றாள். மேலே போய் என்ன சொன்னார்களோ, அம்மாவுக்குத் தெரியாது. அவர்கள் காகிதம் அவள் கவுன்ட்டருக்குத் திரும்பி வரவில்லை.

அந்த ஆண்டே காப்பீட்டுப் பிரிவைப் புதுப்பித்தார்கள். சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். காத்திருப்பவர்களுக்கு இரும்பு நாற்காலிகள் வந்தன. நம்பர் கூப்பிட ஒலிபெருக்கி வந்தது. கவுன்ட்டர்களுக்குப் புதிய கண்ணாடி வந்தது. பேசுவதற்கான ஓட்டையை மட்டும், பழைய கண்ணாடியை அளவு வைத்து அதே உயரத்தில் வெட்டியிருந்தார்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவரின் வாய்க்கு அது நேராக இருக்கும். வெளியே நிற்பவருக்கு வயிற்றுக்கு நேராக. யாராக இருந்தாலும் குனிந்துதான் பேச வேண்டியிருக்கிறது.